ஒரு கிலோ ஒரு கோடி, ஒரு லிட்டர் நூறு ரூபாய்

(தாம்பரத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை. இவற்றின் மரபணுவில் கைவைத்து, நமக்கு வேண்டிய மருந்தையும் நம் வண்டிக்கு வேண்டிய எரிபொருளையும் செய்ய வைக்கும் தொழில் ஒன்று உலகத்தில் ஏறக்குறைய ஐம்பது வருடமாக நடக்கிறது. அந்தத் தொழிலில் மருந்து ஜெயித்துவிட்டது. எரிபொருள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஏன்? உயிர் அதேதான். தொட்டி அதேதான். அதற்குப் போடும் சர்க்கரையும் அதேதான். அப்படியிருக்க ஒன்று ஓடியது, ஒன்று நொண்டுகிறது. ஏன் என்ற இந்த ஒரு கேள்வியோடுதான் வந்திருக்கிறேன்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். மின்சார ரயிலில் போகிறவர்கள் எல்லோருக்கும் 'சானடோரியம்' ஸ்டேஷன் தெரியும். அந்தப் பெயர் வந்தது காசநோய் மருத்துவமனையால். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அதைத் தொடங்கினார். 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தொடங்கிய காலத்தில் காசநோய்க்கு என்ன மருந்து? மருந்தே கிடையாது! நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடம் வேண்டும் என்றுதான் தாம்பரத்துக்கு வந்தார்கள். இன்றைய தாம்பரத்தில் காற்றைத் தேடி யாராவது வருவார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு வந்தார்கள்.

பிறகு 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். காசநோய்க் கிருமியைக் கொன்ற முதல் நல்ல மருந்து அது. 1957-இல் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றின் மண்ணிலிருந்து எடுத்த இன்னொரு பாக்டீரியா, ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு மூலமானது. இன்றைக்கும் சானடோரியத்தில் கொடுக்கும் காசநோய் மாத்திரையில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. கிருமியைக் கிருமியே கொல்கிறது. மண்ணில் அவை ஒன்றோடொன்று போட்டுக்கொள்ளும் சண்டையிலிருந்து நாம் ஆயுதத்தை எடுத்துக்கொண்டோம்.

ஆனால் இதெல்லாம் அந்த உயிர்கள் தாமாகவே செய்து வைத்திருந்த பொருள்கள். அவை செய்யாத பொருளை அவற்றைச் செய்யச் சொன்னால்? அங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் இன்சுலின் குப்பி இருக்கிறது? கை தூக்க வேண்டாம், எனக்கே தெரியும். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து அந்தக் குப்பியை எடுத்துப் பாருங்கள். மேலே '40 ஐ.யூ.' என்று இருக்கும். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஆர்.டி.என்.ஏ. மூலம்', அதாவது மரபணுவை வெட்டி ஒட்டிச் செய்தது, என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது.

1922 முதல் அறுபது வருடம் இன்சுலின் எங்கிருந்து வந்தது தெரியுமா? பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து. அரைக் கிலோ கூட இல்லை, ஒரு பவுண்டு இன்சுலின் எடுக்க ஏறக்குறைய 23,500 விலங்குகளின் கணையம், அதாவது சுமார் 3,600 கிலோ தேவைப்பட்டது. கசாப்புக்கூடம் இல்லையென்றால் இன்சுலின் இல்லை. நோயாளிகள் பெருகப் பெருக, இதற்கெல்லாம் விலங்குக்கு எங்கே போவது என்ற பயமே வந்துவிட்டது.

1978-இல் கலிபோர்னியாவில் ஜெனன்டெக் என்ற சின்னக் கம்பெனியும் சிட்டி ஆஃப் ஹோப் என்ற ஆய்வு மையமும் சேர்ந்து, மனித இன்சுலினுக்கான மரபணுவை ரசாயன முறையில் கட்டி, நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் நுழைத்தார்கள். மனித இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னப் புரதம், இரண்டு சங்கிலி. பாக்டீரியாவுக்கு அது என்னவென்றே தெரியாது. அதற்கு இன்சுலின் தேவையும் இல்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்ததைப் படித்துச் செய்து கொடுத்தது. 1982-இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. 2004-இல் பெங்களூரு பயோகான் நிறுவனம் இதே வேலையை பிக்கியா என்ற ஈஸ்டிடம் வாங்கியது. இப்படி நம் நாட்டு இன்சுலினை நம் நாட்டு ஈஸ்டும் செய்கிறது.

அதற்கு முன்னாலேயே ஹைதராபாத்தில் ஒரு காரியம் நடந்தது. வரப்பிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ், 1997-இல் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை ஈஸ்டில் செய்து வெளியிட்டது. மரபணு மாற்றிய உயிரைக் கொண்டு இந்தியாவில் செய்த முதல் மருந்துப் பொருள் அதுதான். வெளிநாட்டு ஊசிக்குச் சில நூறு ரூபாய் கொடுத்த இடத்தில், 50 ரூபாய்க்கு வந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை இந்தியாவில் முதலில் கொண்டுவந்த இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். அந்த ஐந்தில் ஒன்று ஹெபடைடிஸ்-பி. அதற்குப் பின் பிறந்து, அரசு அட்டவணைப்படி ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் நம் தெருக்களில் இப்போது சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இனி கணக்குக்கு வருகிறேன். பென்சில், காகிதம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குப்பி இன்சுலின் 10 மில்லி. மில்லிக்கு 40 யூனிட் என்றால் 400 யூனிட். எடையாகப் பார்த்தால் சுத்தமான இன்சுலின் ஏறக்குறைய 14 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூடத் தேறாது! அந்தக் குப்பி கடையில் நூற்றைம்பது ரூபாயை ஒட்டி விற்கிறது. அப்படியானால் ஒரு கிலோ இன்சுலின் எவ்வளவு? ஒரு கோடி ரூபாய்க்கு மேல். கடை விலையில் குப்பி, குளிர்பதனம், கமிஷன் எல்லாம் அடக்கம் என்பது உண்மை. பாதியைத் தள்ளினாலும் அரைக் கோடி நிற்கிறதே!

இப்போது எரிபொருள். டீசலைப் போன்ற ஓர் எண்ணெயை ஈஸ்டிடம் செய்யச் சொல்கிறோம். ஃபார்னசீன் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் அமைரிஸ் என்ற கம்பெனி இதைச் செய்தும் காட்டியது. ஒரு கிலோ சர்க்கரை போட்டால் இயற்கை விதிப்படி கால் கிலோ சொச்சத்துக்கு மேல் எண்ணெய் வராது. மிச்சம் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போய்விடும். அதாவது ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்று கிலோ சர்க்கரை. மளிகைக் கடையில் சர்க்கரை கிலோ என்ன விலை என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். மூன்று கிலோவுக்கு நூற்றுச் சொச்சம் ஆகிறது. பெட்ரோல் பங்கில் ஒரு லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கிறது, அதுவும் வரியெல்லாம் சேர்த்து. மூலப்பொருள் செலவே விற்பனை விலையைத் தாண்டிவிட்டால், எந்த விஞ்ஞானி வந்து என்ன செய்ய முடியும்?

மருந்து மில்லிகிராமில் விற்கிறது. எரிபொருள் லாரி லாரியாக விற்கிறது. ஒரு கிலோ ஒரு கோடி, ஒரு லிட்டர் நூறு ரூபாய். நான் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

மருந்தானாலும் விலை தோற்கடிக்கும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. மலேரியா மருந்து ஆர்டிமிசினின், ஒரு சீன மூலிகையிலிருந்து எடுப்பது. அதைக் கண்டறிந்த தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜே கீஸ்லிங் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, ஈஸ்டுக்குள் அந்த மூலிகையின் மரபணுக்களைப் புகுத்தி மருந்துக்கு முந்தைய பொருளைச் செய்து காட்டியது. லிட்டருக்கு 25 கிராம் வரை வந்தது. சனோஃபி கம்பெனி இத்தாலியில் தொழிற்சாலையும் போட்டது. நடந்தது என்ன? விவசாயிகள் மூலிகையை அதிகம் பயிரிட்டார்கள், விலை விழுந்தது, தொழிற்சாலையை 2016-இல் விற்றுவிட்டார்கள். உயிரியலில் ஜெயித்தது, சந்தையில் தோற்றது.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் சுவையானது. 2010-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கருக்கொண்ட சீ6 எனர்ஜி என்ற நிறுவனம், கடலில் கடற்பாசி வளர்த்து அதிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று புறப்பட்டது. நிலம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். அருமையான எண்ணம். 2012-இல் டென்மார்க்கின் நோவோசைம்ஸோடு ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனால் சந்தையில் முதலில் ஓடியது எது? கடற்பாசியிலிருந்து எடுத்த பயிர் ஊக்கி. பெயரிலே எனர்ஜி, வியாபாரத்திலே விவசாயம்! நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் செய்கிற காரியம் அது.

பாதி விடை என்று சொன்னேன். மறுபாதி தொட்டியில் இருக்கிறது.

மரபணுவை வெட்டி ஒட்டுவது பெரிய வித்தை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான். இன்றைக்கு நல்ல எம்.எஸ்சி. மாணவர் சில மாதத்தில் செய்துவிடுவார். கஷ்டம் அதற்கப்புறம். அந்த உயிரை ஆயிரக்கணக்கான லிட்டரில் வளர்த்து, தினம் தினம் ஒரே மாதிரி பொருளை எடுக்க வேண்டும். மாவு புளிப்பதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் யாரும் நுண்ணுயிரைப் பற்றிப் பேசியது கிடையாது, நானும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் குண்டானில் பொங்கும் மாவு கல்யாண மண்டபத்து அண்டாவில் அதே மாதிரி பொங்காது. நடுவில் சூடு ஏறிவிடும், ஓரத்தில் ஒரு மாதிரி, அடியில் ஒரு மாதிரி. சமையல்காரருக்கு அது தெரியும். உயிர்த்தொழில்நுட்பக் கம்பெனிகள் பல, கோடிகளைத் தொலைத்த பிறகுதான் தெரிந்துகொண்டன.

ஃபெர்மென்டர் என்று ஒரு எஃகுத் தொட்டி. முதலில் நீராவியை விட்டு 121 டிகிரிக்கு ஏற்றி, உள்ளே ஓர் உயிரும் இல்லாமல் செய்ய வேண்டும். ஒரு வால்வின் ரப்பர் வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், அழையாத பாக்டீரியா நுழைந்து இரண்டே நாளில் மொத்தத்தையும் கூழாக்கிவிடும். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால், தேநீர் நிறத்தில் குழம்பு சுழன்றுகொண்டிருக்கும். திடீரென்று நுரை பொங்கும். பொங்கி மேலேறி, காற்று வெளியேறும் வடிகட்டியை நனைத்துவிட்டால் முடிந்தது கதை. அதனால்தான் ராத்திரி ஷிஃப்டில் இருப்பவரின் கண் நுரையை விட்டு நகராது.

பிக்கியா ஈஸ்டுக்கு மெத்தனால் ஊட்டுவார்கள். மெத்தனால் வந்தால்தான் நாம் எழுதிவைத்த மரபணு விழித்துக்கொள்ளும். மெத்தனாலைத் தின்னும்போது அதற்கு ஆக்சிஜன் பசி பயங்கரமாக ஏறும், சூடும் கிளம்பும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கலக்கும் விசிறி நின்றால், சில நிமிடத்துக்குள்ளேயே தொட்டியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மானியில் அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவரின் நெஞ்சு படபடப்பை நான் அறிவேன்.

இதில் நம் ஊர் வெயில் ஒரு தனி வில்லன். ஈஸ்ட் கேட்பது 28, 30 டிகிரி. மே மாதம் நம் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? குளிர்நாட்டுத் தொழிற்சாலை ஆற்றுத் தண்ணீரைச் சுற்றிவிட்டே தொட்டியைக் குளிர்விக்கலாம். நமக்குச் சில்லர் என்னும் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டும், சில்லருக்குக் கரண்ட் வேண்டும். மருந்தென்றால் அந்தக் கரண்ட் பில்லைத் தாங்கும். நூறு ரூபாய் எரிபொருள் தாங்குமா?

தொட்டியின் அருமை தெரியாமல் நாம் இழந்தது என்ன என்று பார்க்க ஆலத்தூருக்கு வாருங்கள். மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில், திருப்போரூரைத் தாண்டி, மருந்துத் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே ஆர்க்கிட் நிறுவனம் செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் செய்கிறது. இந்த மருந்தின் பிறப்பே விசித்திரம். 1945-இல் இத்தாலியின் சார்டினியா தீவில் ப்ரோட்சு என்ற மருத்துவர், ஊர்ச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்திலிருந்து பிடித்த பூஞ்சையில் கிடைத்தது அது. அந்தச் சாக்கடைப் பூஞ்சையின் பரம்பரையிலிருந்துதான் இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி வரைக்கும் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்த என்மெட்டாசோபாக்டம் என்ற புது மூலக்கூறு, ஆர்க்கிட்டின் சென்னை ஆய்வில் பிறந்தது. அது சேர்ந்து வேலை செய்வதும் ஒரு செஃபலோஸ்போரினோடுதான். பெருமைப்பட வேண்டிய விஷயம், கைதட்டலாம்.

கைதட்டிவிட்டு, அடுத்ததையும் கேளுங்கள். செஃபலோஸ்போரினுக்கு மூலமான 7-ஏ.சி.ஏ. என்ற பொருள் பூஞ்சைத் தொட்டியில் விளைவது. அதை இந்தியா வருடக்கணக்கில் சீனாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. பென்சிலின்-ஜி கதையும் அதே. நம்மிடம் தொட்டி இல்லாமலா இருந்தது? 1950-களிலேயே புனே பக்கத்துப் பிம்ப்ரியில் பென்சிலின் செய்தோம். நம் கடலூரிலேயே ஸ்பிக் நிறுவனம் பென்சிலின்-ஜி செய்தது. சீனா விலையை இறக்கியது, நம் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. தொட்டி காய்ந்ததோடு போகவில்லை. நுரையைப் பார்த்தே நிலைமையைச் சொல்லும் கைகளும் ஓய்வுபெற்றுப் போயின. 2020-இல் உலகமெங்கும் நோய். அப்போதுதான் மத்திய அரசு விழித்து, மூல மருந்துகளுக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் போட்டது. அந்தத் திட்டத்தில் 2024-இல் காக்கிநாடாவில் பென்சிலின்-ஜி தொட்டிகள் ஓடத் தொடங்கின. ஆர்க்கிட்டின் 7-ஏ.சி.ஏ. ஆலை ஜம்முவுக்குப் போயிருக்கிறது. ஆலத்தூருக்கு வேண்டிய மூலப்பொருள் ஜம்முவிலிருந்து ரயிலேறி வர வேண்டுமா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

தொட்டி வாங்கிவிட்டால் போதுமா என்றால், அதற்கும் நம் மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. செங்கல்பட்டு திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012-இல் ஒப்புதல். பல நூறு கோடி. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் ஊர் தடுப்பூசிக்குத் தவித்தபோது, அந்த வளாகம் உற்பத்தி தொடங்காமல் கிடந்தது. முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்து, தமிழ்நாட்டிடம் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். கட்டடம் இருந்தது, கருவி இருந்தது. ஓட்டுவதற்கு முடிவெடுக்கத்தான் ஆளில்லை.

அப்படியானால் எரிபொருளை விட்டுவிடலாமா? கூடாது. அதற்குச் சர்க்கரை போடுவதைத்தான் விட வேண்டும். இன்றைக்கு உங்கள் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்களே, அது பழைய ஈஸ்ட் செய்யும் பழைய சாராயம்தான், மரபணு வித்தை ஒன்றும் இல்லை. கரும்பும் மக்காச்சோளமும் போதாமல் உணவுக் கழகத்து அரிசியும் அதற்குப் போகிறது. சோற்றை வண்டிக்கு ஊற்றுவது எனக்கு உவப்பில்லை. அரசு கேட்டால் அதையே சொல்வேன், கேட்கவில்லை.

யாரும் விலை கொடுக்காத குப்பையைத் தின்னும் உயிர் வேண்டும். வைக்கோல் சர்க்கரையில் கணிசமான பங்கு ஈஸ்டுக்குப் பிடிக்காத சைலோஸ். அதைத் தின்னப் பழக்குவதற்குத்தான் மரபணு வேலை உண்மையாகவே பயன்படுகிறது. பானிபட்டில் இந்தியன் ஆயில் 2022 ஆகஸ்டில் வைக்கோல் எத்தனால் ஆலையைத் திறந்தது. வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல் என்று திட்டம். அதே பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் இன்னொன்றும் இருக்கிறது. லான்சாடெக் என்ற நிறுவனத்தின் பாக்டீரியா, ஆலையிலிருந்து கழிவாகப் போகும் வாயுவைத் தின்று எத்தனால் கொடுக்கிறது. சர்க்கரையே வேண்டாம், புகையே சோறு! மணலியிலும் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, புகை இருக்கிறது. பாக்டீரியா மட்டும் ஏன் வடக்கேயே நின்றுவிட்டது?

நம் பக்கத்தில் பெருங்குடி கழிவுநீர் நிலையத்தில் ஓசையில்லாமல் ஒரு காரியம் நடந்து வருகிறது. வண்டலைக் காற்றில்லாத தொட்டியில் மூடிவைத்து, அதில் எழும் மீத்தேனில் இன்ஜின் ஓட்டி, நிலையத்துக்கு வேண்டிய கரண்டில் ஒரு பங்கை அங்கேயே எடுக்கும் ஏற்பாடு. அந்த உயிர்களை யாரும் வெட்டி ஒட்டவில்லை. நூற்றுக்கணக்கான வகைகள் கூட்டுக் குடும்பமாக வேலை செய்கின்றன. எந்த ஆய்வகமும் இன்னும் இப்படி ஒரு குடும்பத்தை வடிவமைக்கவில்லை.

மரபணு மாற்றிய கிருமி தப்பி ஓடினால் என்ன ஆகும் என்று பின்வரிசையில் ஓர் அம்மா முன்னமே சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. 1975-இல் விஞ்ஞானிகளே கலிபோர்னியாவில் கூடி இதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நம் நாட்டில் 1989 முதல் சட்ட விதிகள் உள்ளன, மரபணு வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். மருந்துத் தொட்டியில் வளரும் உயிர்கள் பெரும்பாலும் செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளைகள், வெளியே பிழைக்கத் திராணி இல்லாதவை. எனக்கு அதைவிடப் பயம் வேறொன்று: மருந்து ஆலைக் கழிவு சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் நீரில் கலந்தால், வெளியே இருக்கும் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். அம்மா, அந்தக் கேள்வியையும் கேளுங்கள்.

கடைசியாக மாணவர்களின் பெற்றோருக்கு. தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரைக்கும் உயிர்த்தொழில்நுட்பம் சொல்லித்தரும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தரமணியில் டைசல் உயிர்த்தொழில்நுட்பப் பூங்காவும், கிண்டியில் ஐ.ஐ.டி.யும், அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஐ.ஐ.டி.யில் ஒரு குழு, மேற்குத் தொடர்ச்சி மலை மரமொன்றுக்குள் குடியிருக்கும் பூஞ்சையைக் கொண்டே கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் மருந்து மூலத்தைச் செய்ய வழி கண்டு, 2021-இல் வெளியிட்டது. மரத்தை வெட்டாமல் மருந்து! ஆனால் பி.டெக். பயோடெக் முடித்த பிள்ளைகளில் பலர் மறுநாளே சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பலர் படிப்பு முடியும்வரை ஓடும் தொட்டியைப் பார்த்ததே இல்லை.

அட்மிஷனுக்குப் போகும்போது கட்டணத்தைக் கேட்கிறீர்கள், ஹாஸ்டலைக் கேட்கிறீர்கள், பிளேஸ்மென்ட் கேட்கிறீர்கள். இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் கல்லூரியில் எத்தனை லிட்டர் ஃபெர்மென்டர் இருக்கிறது? அது கடைசியாக ஓடியது எப்போது? ஆய்வகத்துக்கு அழைத்துப் போய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள்.